முன்கூட்டியே குறித்து வைத்த ‘இல்லை’

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு அது தொடங்கியது. தொழிற்சாலை விசாரணையில் எழுதிக்கொண்ட நேரம் வேறு. பதின்மூன்று நாள் கழித்து வந்த திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று பத்து என்று அதில் இருக்கிறது. அது என் மகளின் கை இயந்திரத்தில் அகப்பட்ட நேரம். பதினொன்று இருபது பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரியும் இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் கம்ப்யூட்டர் தானாக நேரம் குறித்துக்கொள்ளும்படி எழுதியவன் நான்தான். நான் செய்த வலைப்பக்கத்தின் வழியாக முதல் பதிவு விழுந்த நேரம் அது. பிறகு போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வலைப்பக்கம் செய்யும் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து நாலு யோசனை எழுதித் தாருங்கள் என்று கம்ப்யூட்டர் கற்றுத்தரும் இடத்தில் கேட்டார்கள். பொத்தான் எந்த நிறத்தில் இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதித் தரலாம். அதையெல்லாம் நானும் பெங்களூர் நடைபாதையில் வாங்கிய தடித்த புத்தகத்தில் படித்தவன்தான். எனக்குத் தெரிந்த யோசனைகளை என் மகளின் கையைத் தவிர்த்துவிட்டு என்னால் சொல்ல முடியவில்லை.

ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கான ஒயர் கட்டுகள் செய்யும் தொழிற்சாலை. எழுபதுகளின் கடைசியில் அங்கே வருகைப்பதிவு எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது ஆபீசில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். நான் போய் உட்கார்ந்தேன். கருப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுகிற புரோகிராம்கள் எழுதினேன். சம்பளம், வருகை, விடுப்பு எல்லாம் பத்து வருஷத்துக்கு மேல் அதில்தான் ஓடின. தொண்ணூறுகளின் கடைசியில், இனி எல்லாம் வலைப்பக்கமாக இருக்க வேண்டும் என்று பெங்களூர் தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. வெளியுலகத்துக்குத் தெரியாமல் தொழிற்சாலைக்குள் மட்டும் ஓடும் பக்கங்கள். நாற்பத்தெட்டு வயதில் அதையும் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்ற கர்வமும் சேர்ந்து வந்தது.

முதலில் எடுத்தது உடல்நல அட்டை. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் ஒரு ரோஸ் நிற அட்டை நிரப்பிக் கொடுப்பார்கள். வலிப்பு உண்டா, நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று பதினொரு கேள்விகள். யாரை இயந்திரத்தில் நிறுத்தலாம், யாரைச் சோதனை மேசையில் உட்கார வைக்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பழைய கோப்பிலிருந்து விவரங்களைப் புதியதற்கு மாற்ற ஒரு புரோகிராம் எழுதியிருக்கலாம். அட்டைகளைப் பார்த்துப் புதிதாகவே அடித்துவிட்டால் பழைய தவறுகளும் தொலையும் என்று நானே சொன்னேன்.

அடிக்கும் வேலைக்கு ஒரு அம்மாள் இருந்தார். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வீட்டுக்காரர் அங்கே சந்தையில் மளிகை மொத்த வியாபாரம் பார்ப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒப்பந்த அடிப்படையில் ஆறு வருஷமாக எங்களிடம் டைப் அடித்து வந்தார். அவர் திரையைப் பார்த்து அடிப்பதில்லை. இடது கையில் அட்டை, வலது கை எண் விசைகளின் மேல். பழைய கருப்புத் திரையில் ஒரு விவரம் போட்டு என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும். மறுபடி என்டர், மறுபடி அடுத்த கட்டம். திரையில் இருந்தது இங்கிலீஷ். வீட்டில் தமிழும் உருதுவும், பஸ்ஸில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற அவர் அந்த இங்கிலீஷை நின்று படித்ததில்லை. விரல் கணக்கில் மனப்பாடம் செய்திருந்தார். இரண்டு தட்டு, ஒரு எழுத்து, மூன்று தட்டு, ஒரு எழுத்து. ஆறு வருஷத்தில் அவர் அடித்ததில் யாரும் ஒரு தவறு கண்டுபிடித்ததில்லை.

வலைப்பக்கத்தில் என்டர் அப்படி வேலை செய்யாது. அடுத்த கட்டத்துக்குப் போக வேறு விசை. என்டர் தட்டினால் பக்கம் முழுவதும் நிரப்பியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், என் மேசையில் தனியாக உட்கார்ந்து மௌசைப் பிடித்துக்கொண்டு பத்து முறை சோதித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று முடிவு செய்தேன். அந்த அம்மாளின் பின்னால் நாற்காலி போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கவில்லை. உங்கள் பக்கத்தை யார் பயன்படுத்தப் போகிறாரோ அவர் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. அவர் கை ஏற்கெனவே எதற்குப் பழகியிருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்றும் செய்திருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டு வட்டங்கள். பெரும்பாலானவர்களுக்கு ‘இல்லை’தானே வரப்போகிறது, அடிப்பவருக்கு வேலை மிச்சம் என்று, ‘இல்லை’யை முன்கூட்டியே குறித்து வைத்தேன். நிரலில் அதற்கு ‘செக்டு’ என்று ஒரே ஒரு சொல் போதும். பதினொரு இடத்தில் அந்தச் சொல்லை எழுதினேன். உதவி செய்கிறோம் என்ற நினைப்போடுதான் எழுதினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் அட்டையை எடுத்தார். தொழிலாளியின் டோக்கன் நம்பரைப் போட்டார், என்டர் தட்டினார். பக்கம் ஒரு முறை மின்னியது. பச்சையில் ‘சேமிக்கப்பட்டது, நன்றி’ என்ற பொருளில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. அடுத்த அட்டைக்குக் காலிப் பக்கமும் வந்துவிட்டது. அவர் நிறுத்தினார். நான் பெங்களூரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். என் மேசைப் பக்கம் திரும்பி அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

“சார், நம்பரப் போட்டு என்டர் தட்டுனதும் சேவ் ஆயிருச்சுன்னு வருதே. மீதியெல்லாம் போட வேணாமா?”

போனைக் கையால் மூடிக்கொண்டு சொன்னேன்: “அதெல்லாம் அதுவே எடுத்துக்கும்மா. நீங்க தட்டிட்டே போங்க.”

பெயரையும் பிரிவையும் சம்பளக் கோப்பிலிருந்து அது தானாக எடுத்துக்கொள்ளும். அதை மனதில் வைத்துச் சொன்னேன். அட்டையின் பதினொரு கேள்விகளைப் பற்றித்தான் அவர் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுந்து நாலு அடி போய்ப் பார்த்திருந்தால் தோன்றியிருக்கும். அவருக்கு அதற்கு மேல் சந்தேகப்பட என்ன காரணம் இருக்கிறது? அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் என்றால் நான். நான் சொன்னால் சொன்னதுதான்.

பெட்டி முழுவதும் இருந்த அட்டைகள் ஒன்றரை நாளில் முடிந்துவிட்டன. பழைய முறையில் இரண்டு வாரம் பிடித்திருக்கும். ஷிப்ட் சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உங்க புரோகிராமுக்குக் கண்ணே வேணாம் போல சார், கார்டைப் பாக்காமலே படிச்சிருதே என்று கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அன்றே தலைமை அலுவலகத்துக்கு, வேலை எவ்வளவு வேகமாக முடிந்தது என்று கடிதம் போட்டேன். அட்டைகள் இனித் தேவையில்லை, ஸ்டோர் அறைக்கு அனுப்பலாம் என்று மூன்று வரியில் ஒரு குறிப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெட்டியில் என் மகளின் அட்டையும் இருந்தது.

டிப்ளமோ முடித்துவிட்டு எங்கள் தொழிற்சாலையிலேயே பயிற்சிக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு உண்டு. விழுந்து துடிக்கிற வகை இல்லை. கண் திறந்தபடியே இருக்கும், கூப்பிட்டால் பதில் வராது, கையும் காலும் விறைத்துக்கொள்ளும். அரை நிமிடம். பிறகு விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பிப்பாள். மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. தெரியாமல் வைத்திருந்தது என் மனைவி. பெண்ணுக்கு வலிப்பு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் யார் வீட்டிலிருந்தும் பெண் பார்க்க வரமாட்டார்கள் என்ற பயம். எங்கள் பக்கத்தில் அந்தப் பயம் இல்லாத தாய் கிடையாது. அட்டை வீட்டுக்கு வந்த அன்று பெரிய சண்டை. எழுதிக் குடுத்துட்டா ராயக்கோட்டை வரைக்கும் தெரிஞ்சுரும் என்றாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. சிவப்பு மையில் ‘உண்டு’ என்று எழுதி, மாத்திரையின் பெயரையும் எழுதினேன். யாரிடமும் வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு மனைவி சம்மதித்தாள். மகளும் திறக்கவில்லை. ஆக, அவளுக்காகப் பேச அந்தக் கட்டடத்தில் இருந்தது அந்த அட்டை மட்டும்தான்.

வாரத்துக்கு ஒரு முறை, திங்கட்கிழமை காலையில், யார் எங்கே வேலை செய்வது என்று பட்டியல் போடுவார்கள். அந்தத் திங்கட்கிழமை முதல் முறையாகப் பட்டியல் என் பக்கத்திலிருந்து அச்சாகி வந்தது. என் மகளைச் சோதனை மேசையிலிருந்து கிரிம்பிங் மெஷினுக்கு மாற்றியிருந்தது. ஒயர் முனையில் பித்தளைத் துண்டை வைத்து அழுத்திப் பொருத்தும் மெஷின் அது. காலால் பெடலை மிதித்தால் அச்சு இறங்கும். விரலைக் காக்க முன்னால் ஒரு தடுப்பு உண்டு. எண்ணிக்கை சீக்கிரம் ஏற வேண்டும் என்று அதைத் தூக்கிக் கட்டியிருப்பார்கள்.

மூன்று பத்துக்கு அவள் உறைந்துபோனாள். கால் பெடலின் மேல் விறைத்தது. இடது கை அச்சுக்கு அடியில் இருந்தது.

எனக்குச் சொல்லி நான் ஓடிப்போனபோது கையைத் துணியில் சுற்றி வேனில் ஏற்றியிருந்தார்கள். ஓசூரில் முதலில் பார்த்த டாக்டர், விரலைக் காப்பாற்ற வேண்டுமானால் பெங்களூருக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். ஜூஜுவாடியில் மாநில எல்லை தாண்ட லாரிகள் வரிசை கட்டி நின்றன. வேன் நகரவில்லை. அங்கே நின்றபோதுதான் அவளிடம் கேட்டேன், மெஷினுக்கு மாற்றினால் என்னிடம் வந்து சொல்லக்கூடாதா என்று. வலி மருந்தில் அவளுக்கு நாக்கு குழறியது. “கார்டப் பாத்துட்டுத்தான் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேம்பா” என்றாள்.

அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. சிவப்பு மையில் எழுதிய அட்டை ஸ்டோர் அறையில் கிடக்கிறது. அதில் இருந்தது ஏன் பட்டியலுக்கு வரவில்லை? யோசிக்க யோசிக்க, பதினொன்று இருபதும், போனைக் கையால் மூடிக்கொண்டு நான் சொன்ன பதிலும் ஞாபகம் வந்தன.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கம்பி வைத்துத் தைத்தார்கள். ரத்தம் ஓடுகிறதா என்று சனிக்கிழமை கட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும், அதுவரை எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். மனைவி என்னைப் பார்த்துக் கேட்டாள்: “எழுதினேன் எழுதினேன்னு சொன்னீங்களே. எங்க எழுதினீங்க?” அட்டையில் எழுதியதைச் சொன்னேன். அது எங்கே போனது என்பதைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அறைக்குள் போவதற்கு முன் மேலாளர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். நல்ல மனிதர்தான். டைப் அடித்தவரின் கவனக்குறைவு என்று முடிந்தால் விஷயம் இங்கேயே முடியும், உங்கள் பெண்ணின் சிகிச்சையைக் கம்பெனி கடைசி வரை பார்த்துக்கொள்ளும், புரோகிராமில் கோளாறு என்றால் பெங்களூரிலிருந்து ஆட்கள் வருவார்கள், எல்லாமே சிக்கலாகும் என்று மெதுவாகச் சொன்னார். அது வரை அந்தப் பக்கத்தில் யாரும் கை வைக்க வேண்டாம், உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்றும் சொன்னார். கட்டு இன்னும் பிரிக்கவில்லை என்பது மட்டும்தான் என் தலைக்குள் இருந்தது.

உள்ளே அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். பதினொரு கேள்விக்கும் அத்தனை பேருக்கும் ‘இல்லை’ என்று இருக்கிறதே, அட்டையைப் பார்க்காமலே அடித்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்துத்தான் அடித்தேன், முதல் அட்டையிலேயே சாரிடம் கேட்டேன், அதுவே எடுத்துக்கொள்ளும் என்று சார் சொன்னார் என்றார். குரலை உயர்த்தவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஞாபகம் இல்லைங்க சார்” என்றேன்.

அவர் ஒரு முறை என் முகத்தைப் பார்த்தார். மறுத்துப் பேசுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுதுவது இதுதான் முதல் முறை. என்னிடம் யோசனை கேட்டவர்கள் இதையும் சேர்த்துத்தான் அச்சடிக்க வேண்டும். கேட்காத கேள்விக்குப் பதிலை நீங்களே குறித்து வைக்காதீர்கள். தெரியாது என்பது வேறு, இல்லை என்பது வேறு. உங்கள் பக்கம் இரண்டையும் ஒன்றாக்கினால் அது பொய் சொல்கிறது என்று அர்த்தம். ஒரு கட்டம் நிரப்பாமல் இருந்தால் பக்கம் அதை வாங்க மறுக்க வேண்டும். மறுக்கும் வேலையை பக்கத்தைக் காட்டும் பிரவுசரிடம் மட்டும் விடாதீர்கள், விவரத்தை வாங்கி வைக்கிற இடத்திலும் எழுதுங்கள். ‘சேமிக்கப்பட்டது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எதைச் சேமித்தீர்கள் என்று அவர் கண்ணுக்குக் காட்டுங்கள். ‘வலிப்பு: இல்லை’ என்று திரையில் ஒரு வரி வந்திருந்தால், சிவப்பு மை அட்டையைக் கையில் பிடித்திருந்த அந்த அம்மாள் அங்கேயே நிறுத்தியிருப்பார். பயன்படுத்துகிறவர் இது என்ன என்று கேட்டால் போனை வைத்துவிட்டு எழுந்து போங்கள். அவருக்குப் புரியவில்லை என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் உங்களுக்குத்தான் எதுவோ புரிந்திருக்காது.

எழுதும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. அந்த வாரம் இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை கட்டைப் பிரித்தார்கள். நடுவிரலில் நிறம் வந்திருந்தது. ஆள்காட்டி விரல் கறுத்துப்போயிருந்தது. இரண்டாவது கணு வரைக்கும் எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் மகள் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எத்தனை போச்சு என்று கேட்டாள். ஒன்று என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆபீசிலிருந்து பார்க்க வந்தவர்கள், டைப் அடித்த பொம்பளையின் அலட்சியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல், பார்வையாளர் நேரம் முடியப்போகும்போது, அந்த அம்மாள் வந்தார். கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். முக்காடு வேர்வையில் நனைந்திருந்தது. கையில் ஒரு பை சாத்துக்குடி. கட்டிலருகே வந்து என் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், வலிக்குதாம்மா என்று கேட்டார். யார் என்று மகள் என்னைப் பார்த்தாள். ஆபீசில் டைப் அடிக்கிறவங்க என்றேன். மனைவி எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். அவருக்குப் புரிந்தது. பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு என்னை வெளியே வரச் சொன்னார்.

நடைபாதையில் நான்தான் முதலில் பேச வாயெடுத்தேன். மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதெல்லாம் வேணாம் சார். அதுக்கு நான் வரல. அந்தப் பக்கத்த நீங்க இன்னும் மாத்தலியாமே. எனக்குப் பதிலா வந்த பொண்ணும் நம்பரப் போட்டு என்டர் தட்டிக்கிட்டுதான் இருக்குதாம். நான் அடிச்ச கார்டுல வலிப்புன்னு எழுதுனவங்க உங்க பொண்ணோட சேத்து மூணு பேரு. எனக்கு ஞாபகம் இருக்குது. ஒருத்தர் உத்தனப்பள்ளிக்காரர், கட்டிங் மெஷின்ல நிக்கறார். இன்னொண்ணு அஞ்செட்டிப் பொண்ணு, நாளைக்குக் காலைல புதுப் பட்டியல்ல அதுக்கும் கிரிம்பிங்தான் வரும். ஆறு மணிக்கு ஷிப்ட் ஆரம்பிச்சிரும் சார். இப்பவே பஸ் ஏறுனாத்தான் பட்டியல் வர்றதுக்குள்ள நீங்க பக்கத்தயும் மாத்தி அந்தக் கார்டுங்களயும் திருத்திப் போட முடியும்.”